ஒரே கணக்கு, மூன்று விடை: பிரதியிடல் முறையில் எங்கே தவறுகிறேன்?

பிணக்கு_9 கேட்டது:

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு, இயற்கணிதம். கீழே உள்ள இரண்டு சமன்பாடுகளையும் பிரதியிடல் முறையில் தீர்க்க வேண்டும். புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கிறது. போனில் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட அலுப்பாக இருப்பதால் க, ப என்று போட்டிருக்கிறேன்.

2க + 3ப = 7 … (1)
5க − 4ப = 29 … (2)

மூன்று தடவை போட்டேன். மூன்றும் மூன்று விதமாக வருகிறது.

முதல் தடவை: (1)-இலிருந்து க = (7 − 3ப)/2. இதை 2க + 3ப = 7 என்பதில் போட்டால் 7 − 3ப + 3ப = 7. அதாவது 7 = 7. ப காணாமலே போய்விட்டது. அப்படியென்றால் எண்ணற்ற தீர்வுகள்தானே?

இரண்டாம் தடவை: அதே க-வை (2)-இல் போட்டேன். 5(7 − 3ப)/2 − 4ப = 29. 2-ஆல் பெருக்கிப் பின்னத்தை எடுத்தேன்: 35 − 15ப − 4ப = 29. −19ப = −6, ப = 6/19, க = 115/38. (1)-இல் வைத்துச் சரிபார்த்தேன், 7 கச்சிதமாக வருகிறது.

மூன்றாம் தடவை: (2)-இலிருந்து ப-வை எடுத்தேன். ப = (29 − 5க)/4. (1)-இல் போட 8க + 87 − 15க = 28. க = 59/7, ப = −23/7. இதுவும் (1)-இல் 7 தருகிறது!

பின்பக்க விடை க = 5, ப = −1. எது எங்கே உதைக்கிறது?


சாக்பீஸ்:

படிகளையும் சேர்த்துப் போட்டதால் சொல்ல முடிகிறது. விடையை மட்டும் போட்டிருந்தால் ஊகம்தான்.

முதல் தடவை. (1)-இலிருந்து எடுத்ததை (1)-இலேயே திருப்பிப் போட்டுவிட்டீர்கள். க = (7 − 3ப)/2 என்பது (1) சொல்லும் அதே சேதி, சட்டை மட்டும் வேறு. அதை (1)-இடமே போய்ச் சொன்னால் "ஆமாம், 7 என்பது 7தான்" என்று தலையாட்டும். எந்தக் கணக்கில் இப்படிச் செய்தாலும் இதுவே வரும். (2) என்று ஒன்று இருப்பதையே நீங்கள் இன்னும் தொடவில்லை. (1)-இலிருந்து எடுத்தால் (2)-இல் போட வேண்டும், (2)-இலிருந்து எடுத்தால் (1)-இல்.

மாறி மறைந்துபோவது எப்போது உண்மையான முடிவு என்றால், சரியான இடத்தில் போட்ட பிறகும் மறைந்தால். (2) இருந்த இடத்தில் 4க + 6ப = 14 இருந்தது என்று வையுங்கள். 4க என்பது 2க-வின் இரு மடங்கு, ஆகவே 2(7 − 3ப) + 6ப = 14, அதாவது 14 = 14. இங்கேதான் எண்ணற்ற தீர்வுகள். இரண்டும் ஒரே கோடு. வலப்பக்கம் 15 ஆக இருந்தால் 14 = 15 என்று பொய் வரும். தீர்வே இல்லை, இணைகோடுகள்.

இரண்டாம் தடவை. க-வை எடுத்தது சரி, போட்ட இடமும் சரி. பின்னத்தை ஒழித்த வரிதான் தவறு. 2-ஆல் பெருக்குவதென்றால் எல்லா உறுப்பையும் பெருக்க வேண்டும்:

5(7 − 3ப) − 8ப = 58
35 − 15ப − 8ப = 58
−23ப = 23
ப = −1

நீங்கள் 4ப-வையும் 29-ஐயும் அப்படியே விட்டுவிட்டீர்கள். முதல் உறுப்பின் கீழே இருந்த 2-ஐ அழித்தீர்களே தவிர, சமன்பாட்டை 2-ஆல் பெருக்கவில்லை.

மூன்றாம் தடவை. −4ப = 29 − 5க என்பது வரை சரி. வகுப்பது 4-ஆல் அல்ல, −4-ஆல். ப = (29 − 5க)/(−4), அதாவது ப = (5க − 29)/4. குறி இரண்டு உறுப்பிலும் மாறும். அதை (1)-இல் போட:

2க + 3(5க − 29)/4 = 7
8க + 15க − 87 = 28
23க = 115
க = 5

பிறகு ப = (25 − 29)/4 = −1.

மைனஸ் உள்ள உறுப்பைத் தனியாக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். −4ப-வை முதலில் எதிர்ப்பக்கம் அனுப்பி அதை +4ப ஆக்கிவிடுங்கள்: 5க − 29 = 4ப. பிறகு 4-ஆல் வகுக்க ப = (5க − 29)/4. மைனஸால் வகுக்கும் வேலையே வராது.

இன்னொன்று, பிரதியிடும் வரியில். மாறி இருந்த இடத்தில் முதலில் வெறும் அடைப்புக்குறியைப் போடுங்கள்: 5(    ) − 4ப = 29. பிறகு உள்ளே நிரப்புங்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ப = 3க − 2 என்று இருந்து, அதை 5க − 4ப-வில் போடும்போது 5க − 12க − 8 என்று எழுதிவிடுவார்கள். 5க − 4(3க − 2) என்று எழுதியிருந்தால் கடைசி உறுப்பு +8 என்பது கண்ணில் பட்டிருக்கும்.


ஓரக்கணக்கு:

மேலே சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு தப்பான விடையும் (1)-இல் சரியாக வந்ததே, அதைச் சும்மா விடக் கூடாது. அது தற்செயல் இல்லை.

அந்த விடைகளை (2)-இல் வைத்துப் பாருங்கள். இரண்டாம் தடவையின் விடை: 5 × 115/38 − 4 × 6/19 = 527/38. ஏறத்தாழ 13.87. வர வேண்டியது 29. மூன்றாம் தடவையின் விடை: 295/7 + 92/7 = 387/7, ஏறத்தாழ 55.29. இரண்டும் (2)-இல் பொய்க்கின்றன. ஆனால் காரணம் ஒன்றல்ல.

இரண்டாம் தடவையில் (1) என்பது மூலம், அதாவது க-வை எடுத்த இடம். க-வைக் கண்டுபிடிக்கக் கடைசியில் நீங்கள் பயன்படுத்தியதும் அதே க = (7 − 3ப)/2 தான். ஆகவே ப என்னவாக இருந்தாலும், 6/19 ஆனாலும் 600 ஆனாலும், (1) மெய்யாகத்தான் வரும். அங்கே சரிபார்ப்பது சரிபார்ப்பே அல்ல.

மூன்றாம் தடவையில் மூலம் (2). எடுக்கும்போதே குறி தவறிவிட்டது. ஆனால் அந்தத் தவறான ப-வை (1)-இல் போட்டுத் தீர்த்த வேலையில் பிசகில்லை. அதனால் (1) மெய்யாகிறது, மூலமான (2) பொய்க்கிறது.

ஆக, சரிபார்ப்பதை இரண்டு சமன்பாட்டிலும் செய்தால் தவறு எந்தக் கட்டத்தில் என்பதும் தெரிந்துவிடும். மூலம் சரி, மற்றது பொய் என்றால் பிரதியிட்ட பிறகு சுருக்கிய வரிகளைப் பாருங்கள். மூலம் பொய், மற்றது சரி என்றால் மாறியைத் தனியாக்கிய வரியைப் பாருங்கள். இரண்டுமே பொய் என்றால் பெரும்பாலும் கடைசியில், கிடைத்த மதிப்பைத் திருப்பிப் போட்ட இடத்தில் கூட்டல் கழித்தல் பிசகியிருக்கும். அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட தவறு. தேர்வில் பத்து வரியையும் மறுபடி படிக்க நேரமிருக்காது. எந்த இரண்டு வரியைப் படிப்பது என்று இது சொல்லிவிடும்.

விடை வரும்வரை காத்திருக்காமல் நடுவிலேயே பிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. தொடங்கும் முன் ஓரத்தில் கெழுக்களை, அதாவது க, ப-வுக்கு முன்னால் நிற்கும் எண்களை, குறுக்காகப் பெருக்கிக் கழியுங்கள்:

2 × (−4) − 3 × 5 = −8 − 15 = −23

பின்னத்தை ஒழித்து ஒரே மாறியில் வந்த வரியில் அந்த மாறியின் கெழு 23 ஆகவோ −23 ஆகவோ இருக்க வேண்டும். சாக்பீஸ் போட்டதில் −23ப, பிறகு 23க. உங்கள் இரண்டாம் தடவையில் −19ப, மூன்றாம் தடவையில் −7க. அந்த வரியிலேயே பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கலாம். தேவைக்கு மேல் பெரிய எண்ணால் பெருக்கியிருந்தால் 46, 69 என்று 23-இன் மடங்காக வரும், அது பரவாயில்லை. ஓரக் கணக்கில் 0 வந்தால் மட்டும் எண்ணற்ற தீர்வு அல்லது தீர்வின்மை. இங்கே 23 என்றதும் "எண்ணற்ற தீர்வுகளா?" என்ற உங்கள் முதல் கேள்வி அடிபட்டுப் போகிறது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. கெழுவில் உள்ள பிசகை மட்டும்தான் பிடிக்கும். 58-க்குப் பதில் 29 என்று விட்டதை இது கண்டுகொள்ளாது.


குறுக்குவழி:

எதற்கு இவ்வளவு? (1)-ஐ 4-ஆல், (2)-ஐ 3-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 8க + 12ப = 28, 15க − 12ப = 87. 23க = 115, க = 5. வேலை முடிந்தது.


சாக்பீஸ்:

இந்தக் கணக்குக்கு நீக்கல் முறைதான் சுருக்கம், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி "பிரதியிடல் முறையில் தீர்க்க" என்று கேட்கிறது. வேறு முறையில் போட்டால் விடை சரியாக இருந்தும் கேட்டதைச் செய்யவில்லை என்றாகிவிடும். முறையைக் குறிப்பிடாத கேள்விக்கு உங்கள் வழியே நல்லது.

பிரதியிடலுக்கென்றே பிறந்த கணக்குகளும் இருக்கின்றன. "அப்பாவின் வயது மகன் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து இரு மடங்காக இருக்கும்." முதல் வாக்கியமே மாறியைத் தனியாக்கிக் கையில் கொடுத்துவிடுகிறது: க = 3ப. இரண்டாவது, க + 12 = 2(ப + 12). போட்டால் 3ப + 12 = 2ப + 24, ப = 12, க = 36. இங்கே நீக்கல் முறைக்குப் போவது மூக்கைச் சுற்றித் தொடுவது. இதிலும் அடைப்புக்குறியை விட்டு 2ப + 12 என்று எழுதினால் ப = 0, க = 0 என்று வரும். மகனும் அப்பாவும் ஒரே நாளில் பிறந்ததாக ஆகிவிடும்.


வெண்கட்டி:

இலங்கைப் பாடத்தில் இதற்கு ஒருங்கமை சமன்பாடுகள் என்று பெயர். கெழுவைக் குணகம் என்போம், சரிபார்த்தலை வாய்ப்புப் பார்த்தல் என்போம். நீங்கள் "தனியாக்குதல்" என்று சொல்வதற்கு எங்களிடம் எழுவாயாக்குதல் என்ற சொல் இருக்கிறது. க-வை எழுவாயாக்கினால் அந்தச் சமன்பாடு க-வைப் பற்றிப் பேசுகிற வாக்கியம் ஆகிவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது.

(க என்பது பழைய தமிழ் இலக்கத்தில் 1. நல்ல வேளை, இரண்டாவது மாறிக்கு உ என்று வைக்கவில்லை, அது 2.)

எதை எழுவாயாக்குவது என்பதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. பாதிச் சிக்கல் அங்கேதான் தீர்கிறது. முதலில் நான்கு குணகங்களையும் பார்த்து 1 அல்லது −1 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் அதுதான் எழுவாய். பின்னமே வராது. இல்லையென்றால், ஏதாவது ஒரு சமன்பாடு முழுவதும் ஒரே எண்ணால் வகுபடுகிறதா என்று பாருங்கள். 3க + 6ப = 12 என்று இருந்தால் 3-ஆல் வகுத்து க + 2ப = 4 ஆக்கிவிடலாம்.

உங்கள் கணக்கில் 2, 3, 5, −4. இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. ஆனாலும் பின்னத்தைத் தொடாமல் போகலாம்.

ஒன்று, க-வை முழுக்கத் தனியாக்காமல் 2க என்ற கட்டியாகவே வைத்துக்கொள்வது. (1)-இலிருந்து 2க = 7 − 3ப. (2)-ஐ 2-ஆல் பெருக்க 10க − 8ப = 58. 10க என்பது ஐந்து 2க. ஆகவே 5(7 − 3ப) − 8ப = 58. சாக்பீஸ் எழுதிய அதே வரி, பின்னம் இல்லாமலே வந்துவிட்டது. (2)-ஐப் பெருக்கும்போது வலப்பக்கம் 29-ஐ மறக்க வாய்ப்பும் குறைவு, ஏனென்றால் அப்போது கையில் இருப்பது பிரதியிடாத, சிறிய சமன்பாடு.

இரண்டாவது எனக்குப் பிடித்தது. குணகம் 1 இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்வது. 5-லிருந்து இரண்டு 2 போனால் 1 மிஞ்சும். ஆகவே (2)-லிருந்து (1)-இன் இரு மடங்கைக் கழிக்க:

5க − 4ப − (4க + 6ப) = 29 − 14
க − 10ப = 15
க = 15 + 10ப … (3)

(3)-ஐ (1)-இல் பிரதியிட, 2(15 + 10ப) + 3ப = 7. 30 + 23ப = 7. ப = −1, க = 15 − 10 = 5. ஓரக்கணக்கு சொன்ன 23 இங்கேயும் வந்து நிற்கிறது. கழித்து உண்டாக்கிய சமன்பாட்டில் (1)-உம் (2)-உம் கலந்திருப்பதால், (3)-ஐ (1), (2) இரண்டில் எதிலும் பிரதியிடலாம். 7 = 7 என்று வராது. ஆனால் "பிரதியிடல் மட்டும்" என்று கறாராகக் கேட்கும் தாளில் முதல் வழியோடு நிற்பது பாதுகாப்பு. இரண்டாவதில் நீக்கலின் வாடை அடிக்கிறது.


பிணக்கு_9:

எல்லாருக்கும் நன்றி. 7 = 7 ஏன் வந்தது என்பதும், (1)-இல் மட்டும் சரிபார்த்தால் ஏன் ஏமாறுவோம் என்பதும் புரிந்துவிட்டது. அடுத்த கணக்கை நீங்கள் சொன்னபடி போட்டுப் பார்த்தேன்.

க/2 + ப/3 = 4 … (1)
க/4 − ப/6 = 0 … (2)

(1)-ஐ 6-ஆல் பெருக்க 3க + 2ப = 4 … (3). (2)-ஐ 12-ஆல் பெருக்க 3க − 2ப = 0 … (4). (4)-இலிருந்து 3க = 2ப, கட்டியாகவே வைத்துக்கொண்டேன். (3)-இல் போட 2ப + 2ப = 4, ப = 1, க = 2/3. ஓரத்தில் 3 × (−2) − 2 × 3 = −12, கட்டியாகப் போட்டதால் 4ப என்று வந்திருக்கிறது, அது சரிதானே அண்ணா? (3), (4) இரண்டிலும் வாய்ப்புப் பார்த்தேன்: 2 + 2 = 4, 2 − 2 = 0. இரண்டும் மெய். ஆனால் பின்பக்கத்தில் க = 4, ப = 6.


ஓரக்கணக்கு:

4ப வந்ததில் தப்பில்லை தம்பி. 3க-வைப் பிரிக்காமல் போட்டதால் −12 அந்த 3-ஆல் வகுபட்டு 4 ஆகிவிட்டது. வகுத்துப் பார்த்தால் பொருந்துகிறதா என்பதே போதும்.

சிக்கல் (3)-இல். 6-ஆல் பெருக்கியபோது வலப்பக்கத்து 4 அப்படியே நின்றுவிட்டது. 24 ஆகியிருக்க வேண்டும். முந்தைய கணக்கில் 29-ஐ விட்டது போலவே. (2)-இல் வலப்பக்கம் 0 என்பதால் அங்கே இந்தத் தவறு வெளியே தெரியாமல் தப்பித்துக்கொண்டது, 0-வை எதனால் பெருக்கினாலும் 0. இது மாறிலியில் விழுந்த பிசகு, அதனால் ஓரக் கணக்கும் கண்டுகொள்ளவில்லை.

சரிபார்ப்பு ஏன் ஏமாற்றியது? நீங்களே எழுதிய (3), (4)-இல் பார்த்தீர்கள். (3) பிறக்கும்போதே தவறு. தவறான சமன்பாட்டின் சரியான தீர்வு அதில் பொருந்தத்தானே செய்யும். வைத்துப் பார்க்க வேண்டியது கேள்வியில் அச்சான (1), (2)-இல். க = 2/3, ப = 1 என்று (1)-இல் வைத்தால் 1/3 + 1/3 = 2/3. 4-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

பெருக்கும் வரியை நேராக எழுதாமல், ஒரு வரி கூட்டி இப்படி எழுதுங்கள்:

6 × (க/2) + 6 × (ப/3) = 6 × 4

மூன்று இடத்திலும் 6 நிற்கிறதா என்று கண்ணால் எண்ணிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். 3க + 2ப = 24. 3க = 2ப-வைப் போட 4ப = 24, ப = 6, க = 4. அச்சான சமன்பாடுகளில்: 4/2 + 6/3 = 2 + 2 = 4. 4/4 − 6/6 = 0.